அக்கா வீட்டு மேடைக்கு எந்தக் கல்

கறுப்பு கிரானைட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் அதுதான் கிடக்கிறது. ஏன் இதைப் போட்டீர்கள் என்று கேளுங்கள், எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள். "அழுக்கு தெரியாது." அழுக்கு இருக்காது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. தெரியாது, அவ்வளவுதான். அழுக்கு மட்டுமா தெரியாது? கத்தி தெரியாது. கடுகு தெரியாது. கரி பிடித்த வாணலி தெரியாது. நல்ல கண் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. என் அக்காவுக்கு நல்ல கண் இல்லை.

அக்காவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். க்ளாகோமா. சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கலாம், போனது திரும்பாது என்று புதுச்சேரி கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கூடப் போனது நானும் அவள் மகனும். வெளியே வந்ததும் அக்கா எங்கள் இரண்டு பேரிடமும் சொன்ன முதல் வார்த்தை: "யார்கிட்டயும் சொல்லாதீங்க. புரைன்னு சொல்லிக்கலாம்." அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தாள். புரை, பழுக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பழுத்ததும் ஆபரேஷன். கேட்கிறவர்களும் தலையாட்டினார்கள்.

அவள் வீடு சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில். மாமா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாம்பார் ஊற்றிய கை. வீட்டில் ஒருத்திக்கு ரசம் வைக்கவா தெரியாது? அந்த நினைப்பிலேயே இருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது மேடையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா பண்ற?"

"தண்ணி கொட்டியிருக்குடி, போவ மாட்டுது."

தண்ணீர் இல்லை. மேலே எரிந்த டியூப் லைட் வெளிச்சம் பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் விழுந்து பளபளத்தது. அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம் வத்தக்குழம்புச் சட்டியை இறக்கி மேடை மேல் வைத்திருக்கிறாள். பாதி மேடை மேல், பாதி வெளியே. கறுப்பு மேடை, கீழே காப்பிக் கலர் தரை. எங்கே கல் முடிகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. சட்டி சரிந்து குழம்பு வலது கால் பாதத்தில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள்.

மகன் சென்னையிலிருந்து அன்று மாலையே வந்துவிட்டான். கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "அம்மா, போதும்மா. சென்னைக்கு வந்துடு. இது குழம்பு. நாளைக்கு கேஸுன்னா?" என்றான்.

"அங்க வந்து?"

"சும்மா இரு. சமைக்கவே வேணாம்."

அக்கா அவனை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவனுக்கு அது புரியவில்லை. நல்ல பிள்ளைதான், பயந்துபோன பிள்ளை. பதினோராவது மாடியில் ஒரு அறையில் அவளை உட்கார வைத்து, தட்டில் சோறு கொண்டுவந்து கொடுத்தால் அது அன்பு என்று நினைக்கிறான். அக்காவுக்கு அது முடிவு. வேறு ஒன்றும் இல்லை.

நான் குறுக்கே புகுந்தேன். சமையலறையை மாற்றிப் பார்க்கலாம், மாற்றிய பிறகும் இவளால் முடியவில்லை என்றால் நீ கூட்டிக்கொண்டு போ, நானே மூட்டை கட்டித் தருகிறேன் என்றேன். "சரி சித்தி. தை வரைக்கும் பாக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்து, "உன்னை யாரு பேரம் பேசச் சொன்னா?" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேடையை எதால் போடுவது என்பதில் தொடங்கியது வம்பு. மகன் தினமும் போனில் படம் அனுப்பினான். எல்லாம் பத்திரிகையில் வருகிற அடுப்படிகள், எண்ணெய்ப் பிசுக்கே பார்க்காதவை. எல்லாவற்றிலும் கறுப்புக் குவார்ட்ஸ் கல். "ரிச்சா இருக்கும் சித்தி." இதைத் தேர்ந்தெடுக்கிற ஆம்பளைகள் யாராவது ஒரு நாள் மேடையைத் துடைத்திருக்கிறார்களா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேப்பில் வேலை பார்க்கிறேன். ஊற்றிப் பார்க்காமல் எதையும் நம்புகிற பழக்கம் இல்லை. கல் கடையில் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சாம்பிள் வாங்கிவந்து என் வீட்டு மொட்டை மாடியில் பரப்பினேன். ஒவ்வொன்றின் மேலும் எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மஞ்சள் கலந்த எண்ணெய் எல்லாம் விட்டு ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் வெள்ளை மார்பிளில் எலுமிச்சை விழுந்த இடம் பளபளப்புப் போய், நக்கித் தின்ற மாதிரி இருந்தது. மஞ்சள் உள்ளே இறங்கிவிட்டது. குவார்ட்ஸில் கறை ஒன்றும் பிடிக்கவில்லை, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை வைத்ததும் வட்டமாகப் பழுத்துவிட்டது. அக்கா வாணலியைச் சும்மாதான் வைப்பாள், கீழே பலகையெல்லாம் தேடிக்கொண்டிருக்க மாட்டாள். கடைசியில் தேறியது பளபளப்பு இல்லாத வெள்ளை விட்ரிஃபைடு டைல், மேடைக்கென்றே பெரிய பலகையாக வருகிறது. சூடு தாங்கியது, மஞ்சள் ஈரத்துணியில் போனது. வெள்ளைதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அக்கா முடியவே முடியாது என்றாள். "கறுப்புதான் போடணும்."

"கறுப்புலதான்டி கால வேக வச்சிக்கிட்ட." அவள் என்னை விடப் பெரியவள்தான். கோபம் வந்தால் எனக்கு டி வந்துவிடும்.

"அது நான் கவனிக்காம வச்சது. கல்லு இன்னா பண்ணும்?"

நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். சிதம்பரத்துக் கடைகள் வேண்டாம் என்றாள். அங்கே எல்லோரும் தெரிந்தவர்கள். அதனால் பஸ் பிடித்துக் கடலூருக்கே வந்தோம். பைபாஸ் ஓரத்தில் ஒரு பெரிய கல் கடை. உயரம் உயரமான பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். வெயிலில் எல்லாம் கண்ணை அடித்தது. அக்கா என் முழங்கையைத் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்க்கிறவர்களுக்குப் பாசமாக ஒட்டி நடக்கிற மாதிரி இருக்கும். அதற்காகத்தான் அப்படிப் பிடிப்பாள்.

கடைக்காரர் கறுப்பில் தொடங்கினார். அவருக்கும் அதுதான் ஜாஸ்தி விற்பனை. "இது ஜெட் பிளாக்கும்மா. நீங்க எது கொட்டினாலும் தெரியாது."

அக்கா பலகையைத் தடவினாள். "நல்லா இருக்கே. கோடு கீடு ஒண்ணும் இல்ல." உண்மையில் அந்தப் பலகையில் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கீறல் இருந்தது. கடைக்காரர் ஒரு நொடி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். அவர் அடுத்த கல்லுக்கு நகர்ந்தார்.

அடுத்தது உப்பும் மிளகும் கொட்டினது போலப் புள்ளி போட்ட சாம்பல் கிரானைட். "ரெண்டுக்கும் நடுவுல இது. வெளிச்சமாவும் இருக்கும், அழுக்கும் தெரியாது."

"இதுல ஒரு கடுகு போட்டா நானே தேடணும், தள்ளி வையுங்க" என்றேன்.

வெள்ளைப் பலகையை ஒரு மேசை மேல் போடச் சொன்னேன். பக்கத்தில் கறுப்பு. என் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தேன். முந்தைய நாளே தயார் செய்து வைத்திருந்தேன். புளிக் கொட்டை, பூண்டுப் பல், கடுகு, கறிவேப்பிலை, ஒரு ஊக்கு. எல்லாவற்றையும் இரண்டு கல்லின் மேலும் தூவினேன்.

"எடு பாக்கலாம்" என்றேன்.

அக்கா கறுப்புக் கல்லை நோக்கிக் குனிந்தாள். பூண்டை எடுத்தாள். கறிவேப்பிலையைத் தொட்டுப் பார்த்து எடுத்தாள். பிறகு கை கல்லின் மேல் அலைந்தது. கொட்டை அவள் சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெள்ளைக்கு நகர்ந்தாள். புளிக் கொட்டையை உடனே எடுத்தாள், கடுகைக்கூட விரலால் ஒற்றி எடுத்தாள். நான் வெற்றி பெற்றவள் மாதிரி கடைக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இரக்கம். அதை அக்கா பார்த்தாளா, அவர் மூச்சுவிட்டதில் கண்டுகொண்டாளா, தெரியாது. நிமிர்ந்தாள்.

"சர்க்கஸ் முடிஞ்சுதா?"

"அக்கா, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"குரங்கு வேற ஏதாச்சும் எடுத்துக் காட்டணுமா? சொல்லு, எடுக்குது."

திரும்பி நடந்தாள். கையைப் பிடிக்காமல், சாய்த்து வைத்த பலகைகளுக்கு நடுவே நேராக ரோட்டைப் பார்த்து. ரோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மண் எங்கே முடிகிறது தார் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல்தான் நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். கையைக் கொடுத்தால் தட்டிவிடுவாள், அதனால் சும்மா நின்றேன். எனக்கு என் மேலேயே கோபம், அவள் மேலும் கோபம், அந்த ஆள் ஏன் அப்படிப் பார்த்தான் என்று அவன் மேலும் கோபம்.

கொஞ்சம் தள்ளி ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. "தாகமா இருக்கு" என்றாள். சமாதானம் என்று அர்த்தம். வேப்ப மர நிழலில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குடித்தாள்.

"வெள்ளையில எனக்குத் தெரியுதுதான். இல்லன்னு சொல்லல."

"அப்புறம் இன்னா பிடிவாதம்?"

"எனக்குத் தெரியும். வரவங்களுக்கும் தெரியுமே." கிளாஸை மடியில் வைத்தாள். "கறுப்புல நான் சரியாத் தொடைக்கலன்னா யாருக்கும் தெரியாதுடி. வெள்ளை போட்டா, நான் பாக்காத அழுக்கையெல்லாம் வரவ எல்லாம் பாப்பா. என் நாத்தனா வந்து ஒரு விரல வச்சி இப்படி இழுப்பா. அவளுக்கு அதுக்கப்பறம் வேற ஒண்ணும் சொல்ல வேணாம், சேத்தியாத்தோப்பு பூரா தெரிஞ்சிடும். அண்ணி கைல சுத்தம் போயிடுச்சுன்னு. நான் சத்துணவுக் கூடத்த எப்படி வச்சிருந்தேன்னு உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். ஆய்வுக்கு வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன கூடம் அது.

மொட்டை மாடியில் எலுமிச்சையும் மஞ்சளும் ஊற்றிப் பார்த்தேனே, இதை எதில் ஊற்றிப் பார்ப்பது? விரலை வைத்து இழுக்கிற வழக்கத்தை எவள் கண்டுபிடித்தாளோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் பெண்கள் முதலில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைவார்கள். மேடையில் ஒரு விரல். சொல்லவே மாட்டார்கள், விரலை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு நூறு திட்டு வாங்குவது மேல். அந்த விரலுக்குப் பயந்துதான் ஊரே கறுப்புக் கல்லைப் போட்டு வைத்திருக்கிறது. என் அக்கா மட்டும் என்ன செய்வாள்.

ஜூஸ்காரருக்குக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தபோது அவளே சொன்னாள். "பூண்டு கறுப்புலதான் தெரிஞ்சுது. வெள்ளைல தெரியல. நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. வெள்ளை ஜெயிக்க வேண்டும் என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சோறு, பாலு, தேங்கா, பூண்டு எல்லாம் வெள்ளை. அது கறுப்புல தெரியும். புளி, கடுகு, கத்தரிக்கா, கத்தி எல்லாம் வெள்ளையில தெரியும். ஒரே கல்லா போட்டா ஏதாச்சும் ஒண்ணு தொலையத்தான் செய்யும்." எழுந்து புடவையைச் சரிசெய்தாள். "அடுப்புப் பக்கம் கறுப்பு போடு. பால் பொங்கினா எனக்குத் தெரியணும். நறுக்கற எடத்துல உன் வெள்ளையப் போட்டுக்கோ."

"உன் நாத்தனா விரலு?"

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்குத் திரும்பினோம். அடுப்புப் பக்கத்துக்குப் பாலிஷ் போடாத கறுப்பு எடுத்தோம், லைட் விழுந்தாலும் மின்னாது. கடைக்காரர், பாக்க ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்மா என்றார். அக்கா, "பாக்கறதுக்கு இல்ல, சமைக்கறதுக்கு" என்றாள்.

மேஸ்திரியோடு எனக்கு ஒரு பெரிய சண்டை. மேடையின் முன் ஓரத்துக்கு எதிர்க் கலரில் பட்டை ஒட்டச் சொல்லியிருந்தேன். கறுப்பு மேடைக்கு வெள்ளை ஓரம், வெள்ளை மேடைக்குக் கறுப்பு ஓரம். கல் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரிவதற்குத்தான் இவ்வளவும். நான் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் கறுப்புக்குக் கறுப்பும் வெள்ளைக்கு வெள்ளையும் ஒட்டி வைத்திருந்தார்.

"மேட்சா இருக்கணும் இல்லம்மா? நீங்க மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் சொன்னா சொன்னதுதான். பேத்து எடுங்க."

"வரவன் போறவன் எல்லாம் எந்த மேஸ்திரி போட்டான்னு கேப்பாங்கம்மா. என் பேருதான் கெடும்."

"என் பேரச் சொல்லிடுங்க. பைத்தியம் ஒருத்தி போடச் சொன்னான்னு."

முனகிக்கொண்டே பேர்த்து மாற்றினார். அவரும் விரலுக்குப் பயந்தவர்தான்.

வீடியோ காலில் பார்த்த மகன், "சித்தி, செஸ் போர்டு மாதிரி இருக்கு" என்றான். நேரில் வந்து உன் அம்மா விளையாடுவதைப் பார் என்றேன்.

மார்கழி பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை புது மேடையில் பால் காய்ச்சினாள். மகன் வந்திருந்தான். நாத்தனாரைக் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். "கூப்பிடலன்னா இன்னாத்த மறைக்கிறாளோன்னு வந்து பாப்பா. கூப்பிட்டுடு" என்றாள். அந்த அம்மாவும் சேத்தியாத்தோப்பிலிருந்து பூவும் பழமுமாக வந்து இறங்கினார்.

அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். மகன் அவள் முதுகுக்குப் பின்னாலேயே, கை எட்டுகிற தூரத்தில் நின்றான். விழப்போகிற குழந்தைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பால் பொங்கி வழிந்து அடுப்பின் கீழே கறுப்புக் கல்லில் வெள்ளையாக இறங்கியது. எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

"பொங்கிடுச்சு" என்றாள் அக்கா. அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து இறக்கி, வெள்ளை ஓரத்துக்கு உள்ளே, முழுசாக மேடை மேல் வைத்தாள். மகன் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

அப்போதுதான் நாத்தனார் தண்ணீர் மொள்கிற சாக்கில் வெள்ளைப் பக்கம் போனார். எனக்குத் தெரியும், நான் அந்த விரலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நறுக்குகிற இடத்தில் விரலை வைத்து இழுத்தார். மஞ்சள்.

"இன்னா அண்ணி இது. புதுக் கல்லு, அதுக்குள்ள மஞ்ச அப்படியே கெடக்கு? நீங்க இப்படி வுடமாட்டீங்களே."

மஞ்சளை நான் யோசிக்கவே இல்லை. வெள்ளையில் மஞ்சள் அக்காவுக்குத் தெரியாது. மொட்டை மாடியில் ராத்திரி முழுக்க மஞ்சளை ஊற்றி வைத்தவள் நான், அது கல்லில் இறங்குமா என்று மட்டும்தான் பார்த்தேன். வாயைத் திறந்தேன், நல்லதாக நாலு வார்த்தை தயாராக இருந்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணு தெரியல."

நாத்தனார் மஞ்சள் ஒட்டிய விரலோடு திரும்பினார்.

"மஞ்சளும் வெள்ளையும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. துணி ஆணில தொங்குது, எடுத்துத் தொடைச்சிடு."

"புரைன்னுதான சொன்னீங்க அண்ணி? ஆபரேஷன் பண்ணா..."

"பொய் சொன்னேன். இது புரை இல்ல. போனது போனதுதான், இருக்கறத வச்சி ஓட்டணும்." கையில் இன்னும் இடுக்கியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். "இனிமே நீ வரும்போதெல்லாம் விரல வச்சிப் பாரு. இருந்தா சொல்லு. சொல்லிட்டுத் தொடைச்சிட்டுப் போ."

நாத்தனார் முகம் எப்படியோ ஆகிவிட்டது. நான் எதிர்பார்த்த மாதிரி அல்ல. அந்த அம்மாவை எனக்கு என்றைக்குமே பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. ஆனால் அன்று கண் கலங்கிப்போய், கையில் இருந்த சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு சுற்றும் முற்றும் தேடினார்.

"எங்க அண்ணி துணி?"

"உன் மூக்குக்கு நேரா. கண்ணு போனது எனக்கா உனக்கா?"

நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. துணியை எடுத்து நனைத்துத் துடைக்கத் தொடங்கினார். "இங்கயும் ஒண்ணு இருக்கு" என்றார். "தொடை" என்றாள் அக்கா.

மகன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "அம்மா, எனக்கு அந்தப் பால்ல காப்பி போட்டுத் தா" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய், சமையலறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் அடுப்பு மூட்டும்போது அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்ததை, குழம்பு கொட்டியதற்குப் பிறகு அன்றுதான் நான் பார்த்தேன். சென்னைப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கிற நாள் ஒன்று வரும், அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

நாத்தனார் துடைத்து முடித்துத் துணியைக் குழாய் மேல் போட்டார். காப்பிப் பொடி டப்பாவைத் தடவி எடுத்துக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அங்க போடாத. எடுத்த ஆணியிலயே மாட்டு. நாளைக்கு நான் தேடணும்."